வலிப்பு மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும்: எந்த ஜோடி சரி, எந்த ஜோடி சிக்கல்?

சுகர் இருப்பவருக்கு இரவில் பாதம் எரிகிறது. ஊசியால் குத்துவது போல வலிக்கிறது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதித் தருகிறார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள்: ப்ரீகபாலின், நார்ட்ரிப்டிலின். முதல் பெயர் வலிப்பு மருந்துகளின் குடும்பம். இரண்டாவது, மனச்சோர்வுக்காக வந்த பழைய மருந்து. நரம்பு வலியை இரண்டுமே குறைக்கும் என்பதால் இந்தியாவில் பல கம்பெனிகள் இவற்றை ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கின்றன. சாப்பிடுபவரைக் கேட்டால் 'நரம்பு மாத்திரை' என்றுதான் சொல்வார். தான் வலிப்பு மருந்தும் டிப்ரஷன் மருந்தும் சேர்ந்த ஒன்றைச் சாப்பிடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

ஆறு மாதம் கழித்து அதே நபர், மனசு சரியில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்று வேறொரு டாக்டரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஃப்ளூவோக்செட்டின் தொடங்கப்படுகிறது. நார்ட்ரிப்டிலினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை இந்த ஃப்ளூவோக்செட்டின் முடக்கிவிடும். பழைய மாத்திரையின் அளவு மாறவில்லை. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். வாய் வறட்சி, மலச்சிக்கல், தலைச்சுற்றல் என்று ஆரம்பித்து இதயத் துடிப்பு தாறுமாறாவது வரை போகலாம். மிக அதிகமானால் வலிப்பே வரலாம். 'வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்ற கேள்விக்கு 'சுகர் மாத்திரை மட்டும்தான்' என்று பதில் வந்திருந்தால், இது எதுவும் புது டாக்டருக்குத் தெரிய வழியே இல்லை.

வலிப்பு மருந்தும் மனச்சோர்வு மருந்தும் ஒரே உடம்புக்குள் சந்திப்பது அபூர்வமான விஷயம் இல்லை. உலகில் சுமார் 5 கோடி பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வும் உண்டு என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு. 2007-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று, வலிப்பு நோயாளிகளிடம் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட மூன்று மடங்கு இருப்பதாகக் காட்டியது. இன்னொரு பக்கம், வால்ப்ரோயேட், கார்பமாசெபின், லாமோட்ரிஜின் போன்ற 'ஃபிட்ஸ் மாத்திரைகள்' பைபோலார் நோய்க்கும் தரப்படுகின்றன. ஆக, ஃபிட்ஸே வராதவர்களும் இந்தக் கணக்குக்குள் வருகிறார்கள்.

சரி, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா, கூடாதா? பெரும்பாலான ஜோடிகளைச் சாப்பிடலாம். சில ஜோடிகளில் அளவை மாற்ற வேண்டும். ஒன்றிரண்டைத் தொடவே கூடாது. எது எந்த வகை என்பதுதான் விஷயம்.

கல்லீரலில் என்ன நடக்கிறது?

பொங்கல் லீவு முடிந்து சென்னை திரும்பும் நாளில் பரனூர் சுங்கச்சாவடியை நினைத்துப் பாருங்கள். வண்டிகள்தான் மருந்து. சாவடியின் லேன்கள்தான் கல்லீரலில் இருக்கும் 'சிஒய்பி' வகை நொதிகள். வண்டிகள் சாவடியைத் தாண்டினால் மருந்து உடம்பைவிட்டுப் போகிறது என்று அர்த்தம்.

கார்பமாசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால் ஆகிய பழைய வலிப்பு மருந்துகள் கூடுதல் லேன்களைத் திறந்துவிடும். அப்போது கூடவே சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரை வேகமாக வெளியேறிவிடும். மிர்டாசபின் மாத்திரையின் தகவல் குறிப்பே இதற்குக் கணக்கு சொல்கிறது: கார்பமாசெபினுடன் சேர்ந்தால் ரத்தத்தில் அதன் மொத்த அளவு சுமார் 60 சதவீதம் குறைகிறது, ஃபெனிடாயினுடன் ஏறக்குறைய பாதி. செர்ட்ராலினும், அமிட்ரிப்டிலின் வகை மருந்துகளும் இதே மாதிரி குறையும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், ஆனால் மனசு தேறவில்லை. 'இந்த மருந்து எனக்கு ஒத்துவரல' என்று முடிவுக்கு வருகிறார். ஒத்துவரவில்லையா, போய்ச் சேரவே இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை.

எதிர்த்திசையில், ஃப்ளூவோக்செட்டின், ஃப்ளூவோக்சமின் இரண்டும் லேன்களை மூடும் ரகம். (பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு மருந்துகள். பின்னது ஓசிடிக்கு அதிகம் தரப்படுவது.) இவை வந்தால் கார்பமாசெபின், ஃபெனிடாயின் இரண்டின் அளவும் ரத்தத்தில் ஏறலாம். வால்ப்ரோயேட்டும் மூடும் ரகம்தான். அதனுடன் சேர்ந்தால் உடம்பு நார்ட்ரிப்டிலினை வெளியேற்றும் வேகம் 34 சதவீதமும், அமிட்ரிப்டிலினை வெளியேற்றும் வேகம் 21 சதவீதமும் குறைவதாக வால்ப்ரோயேட்டின் அமெரிக்கத் தகவல் குறிப்பில் இருக்கிறது.

ஃபெனிடாயின்: கொஞ்சம் கூடினாலும் வம்பு

இந்தப் பட்டியலில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஃபெனிடாயின். 1938-லிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து. விலை குறைவு என்பதால் நம் ஊரில் இன்றும் ஏராளமானோர் சாப்பிடுகிறார்கள். 'எப்டாயின்' என்ற பெயரைச் சொன்னால் பல வீடுகளில் தெரியும்.

பெரும்பாலான மருந்துகளில் டோஸைக் கூட்டினால் ரத்தத்தில் அளவும் அதே விகிதத்தில் கூடும். ஃபெனிடாயினில் ஒரு கட்டத்துக்கு மேல் அப்படி இல்லை. அதற்கான லேன்கள் சாதாரண டோஸிலேயே கிட்டத்தட்ட நிரம்பிவிடுகின்றன. அதற்குப் பிறகு பத்து வண்டி கூடுதலாக வந்தாலும் வரிசை செங்கல்பட்டைத் தாண்டிவிடும். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் விஷத்தன்மை தொடங்கும். இவ்வளவு குறுகலான இடைவெளியில் ஓடும் மருந்துக்கு, லேனை மூடும் ஃப்ளூவோக்செட்டினை அளவு பார்க்காமல் சேர்ப்பது ரிஸ்க்.

அளவு ஏறினால் எப்படித் தெரியும்? கண் தானாகப் பக்கவாட்டில் ஆடும். நடை தள்ளாடும். நாக்கு குழறும். வேலை செய்யும் இடத்தில் 'குடிச்சிட்டு வந்திருக்கியா?' என்று கேட்டுவிடுவார்கள். அந்த அளவுக்கு அச்சு அசலாக இருக்கும். ரத்தத்தில் ஃபெனிடாயின் அளவைச் சொல்லும் டெஸ்ட் இருக்கிறது. பெரிய லேப்களில் சாதாரணமாகச் செய்கிறார்கள். புது மாத்திரை சேர்த்த சில வாரங்களில் இதை ஒருமுறை பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை முன்னாலேயே தெரிந்துவிடும். செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் போன்றவை இந்த விஷயத்தில் ஒப்பீட்டளவில் சாது. அதனால் வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் இவற்றையே முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நிறுத்தும்போதும் ஆபத்து

புது மருந்து தொடங்கும்போது எல்லோரும் உஷாராக இருப்பார்கள். ஒன்றை நிறுத்தும்போது அந்த உஷார் இருப்பதில்லை. உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது அங்கேதான்.

ஒருவர் கார்பமாசெபினும் செர்ட்ராலினும் ஒரு வருடமாகச் சாப்பிடுகிறார். செர்ட்ராலின் வேகமாக வெளியேறுகிறது என்பதால் மனநல டாக்டர் டோஸைக் கூட்டி, ஒரு நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார். இப்போது நரம்பியல் டாக்டர் கார்பமாசெபினை நிறுத்தி லெவிடிராசெட்டத்துக்கு மாற்றுகிறார். நல்ல முடிவுதான்; லெவிடிராசெட்டம் இந்த நொதிகளோடு பெரிதாக மோதுவதில்லை. ஆனால் திறந்திருந்த கூடுதல் லேன்கள் இரண்டு மூன்று வாரங்களில் ஒவ்வொன்றாக மூடிவிடும். செர்ட்ராலின் டோஸை யாரும் தொடவில்லை. ஆனால் ரத்தத்தில் அது ஏறுகிறது. கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, பதற்றம் வருகிறது. நோயாளி நரம்பியல் டாக்டரிடம் போய்ப் புது ஃபிட்ஸ் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வார். குற்றவாளி அந்த மாத்திரை இல்லை.

ஃப்ளூவோக்செட்டினில் இன்னொரு விதம். நிறுத்திய பிறகும் அதன் மிச்சம் ஐந்து வாரம் வரை உடம்பில் இருக்கும். போன மாதமே நிறுத்திவிட்டோமே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவது சரியாக வராது.

சோடியம் என்ற இன்னொரு கதவு

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு மருந்து இன்னொன்றின் அளவை மாற்றும் கதை. அளவு மாறாமலே, இரண்டின் பக்கவிளைவும் ஒன்றாகச் சேர்ந்து அடிப்பது வேறு வகை. ஆக்ஸ்கார்பசெபின் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடியது, கார்பமாசெபினும் அப்படியே. எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் உள்ளிட்ட எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரைகளும் சோடியத்தைக் குறைக்கலாம். இரண்டும் சேர்ந்தால், அதிலும் வயதானவருக்கு, பிபிக்காக நீர் பிரியும் மாத்திரையும் போகிறது என்றால், சோடியம் மளமளவென்று இறங்கக்கூடும்.

தலைவலி, குமட்டல், குழப்பம், அசதி. வீட்டில் 'வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு' என்று விட்டுவிடுவார்கள். சோடியம் ரொம்பக் குறைந்தால் அதுவே வலிப்பை வரவழைக்கும். வலிப்பு வந்ததும் வலிப்பு மருந்தின் டோஸைக் கூட்டினால்? சோடியம் இன்னும் இறங்கும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இது தெரிந்துவிடும் என்பதுதான் ஆறுதல்.

தூக்கக் கலக்கமும் இதே போலக் கூடும். ப்ரீகபாலின், க்ளோபசாம் போன்றவற்றோடு அமிட்ரிப்டிலின் அல்லது மிர்டாசபின் சேர்ந்தால், ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுவது பெரியவர்களுக்கு நிஜமான ஆபத்து. இளம் வயதினருக்கு அது மறுநாள் காலை பைக் ஓட்டும்போது தெரியும்.

'டிப்ரஷன் மாத்திரை ஃபிட்ஸை வரவழைக்கும்' என்பது உண்மையா?

இந்தப் பயம்தான் பலருக்குச் சிகிச்சையே கிடைக்காமல் செய்கிறது. இது ஆதாரமில்லாத பயமும் இல்லை. அமெரிக்காவில் 1985 கடைசியில் அனுமதி பெற்ற புப்ரோபியான், வலிப்பு வருவது தெரிந்ததும் 1986-ல் திரும்பப் பெறப்பட்டது. டோஸ் வரம்பைக் குறைத்து 1989-ல்தான் மறுபடி விற்பனைக்கு வந்தது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையில் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வரை 1,000 பேரில் ஒருவருக்கு வலிப்பு வருகிறது என்றால், 400 மில்லிகிராமில் 1,000-க்கு 4 பேர் என்று அதன் தகவல் குறிப்பே சொல்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்து தரவே கூடாது. சிகரெட்டை விடவும் இதைத் தருவார்கள் என்பதால், 'சிகரெட் நிறுத்துற மாத்திரைதானே' என்று நினைத்து ஃபிட்ஸ் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. க்ளோமிப்ரமின், மேப்ரோட்டிலின் இரண்டிலும் எச்சரிக்கை தேவை.

மற்றவை? அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவிடம் கம்பெனிகள் தாக்கல் செய்த பரிசோதனைத் தரவுகளை, 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை, 2007-ல் ஓர் ஆய்வுக் குழு அலசியது. க்ளோமிப்ரமின், வேகமாகக் கரையும் புப்ரோபியான் இவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வந்த வலிப்பு, வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வந்ததில் பாதிதான்! அதைவிட முக்கியம், அந்த டம்மி மாத்திரைக் குழுவிலேயே பொது மக்களைவிட அதிக வலிப்பு இருந்தது. அதாவது மனச்சோர்வே வலிப்புக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. இதில் ஒரு 'ஆனால்' உண்டு: இப்படிப்பட்ட பரிசோதனைகளில் ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதனால் இதை அப்படியே அவர்களுக்குப் பொருத்திவிட முடியாது. என்றாலும் சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கூட்டமைப்பின் சமீபத்திய பரிந்துரையும் அதே திசையில்தான் இருக்கிறது: வலிப்பு நோயுள்ள பெரியவர்களுக்கு மிதமான அல்லது தீவிரமான மனச்சோர்வு இருந்தால் எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள்தான் முதல் தேர்வு; லேசானது என்றால் முதலில் உளவியல் சிகிச்சை.

எல்லா மனச்சோர்வு மாத்திரையையும் ஒரே தராசில் நிறுத்தி 'ஃபிட்ஸ்காரனுக்கு வேண்டாம்' என்று ஒதுக்குவது, புப்ரோபியான் செய்த தப்புக்கு எஸ்சிடலோப்ராமைத் தண்டிப்பது மாதிரி.

மனச்சோர்வு எங்கிருந்து வந்தது?

புது மாத்திரை சேர்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. லெவிடிராசெட்டம் மற்ற மருந்துகளோடு மோதாத நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியது. ஆனால் சிலருக்கு அது எரிச்சல், கோபம், மனச்சோர்வைக் கொண்டுவரும். 'மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து எதுக்கெடுத்தாலும் கத்துறான்' என்று வீட்டில் புலம்புவது இதனால் இருக்கலாம். ஃபீனோபார்பிட்டால், டோபிராமேட், பெராம்பனெல் ஆகியவற்றிலும் மனநிலை மாற்றம் தெரிந்த பக்கவிளைவுதான். வலிப்பு மருந்துகள் 11-ஐ வைத்து நடந்த 199 பரிசோதனைகளை அலசிய எஃப்டிஏ, தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கையை 2008-ல் வெளியிட்டது. மருந்து சாப்பிட்டவர்களில் 530 பேருக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக இந்த எண்ணம் தென்பட்டது என்பது அந்தக் கணக்கு. சின்ன எண்ணிக்கைதான், மருந்தை நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை இல்லை, மனநிலையைக் கவனிக்கச் சொல்லும் எச்சரிக்கை.

இப்படி ஒரு மருந்தால் வந்த சோர்வுக்கு இன்னொரு மருந்தை மேலே அடுக்குவதைவிட, முதல் மருந்தை மாற்றிப் பார்க்கலாமா என்று நரம்பியல் டாக்டரிடம் கேட்பது நல்லது. அங்கேதான் சிக்கல். நரம்பியல் ஒரு கட்டடம், மனநலம் இன்னொரு கட்டடம். அரசு மருத்துவமனையில் ஆளுக்கொரு ஓபி சீட்டு. தனியாரில் ஆளுக்கொரு ஃபைல். மனநல மாத்திரை சாப்பிடுவதை மற்ற டாக்டரிடம் சொல்லத் தயங்குபவர்கள் ஏராளம். ஃபிட்ஸ் இருப்பதைக் கல்யாணத்துக்காகவும் வேலைக்காகவும் மறைப்பவர்களும் குறைவில்லை. இரண்டு நோயையும் ஒளித்து வைக்கும் பழக்கம் உள்ள ஊரில், இரண்டு மருந்தும் ஒன்றையொன்று சந்திப்பது யாருக்கும் தெரியாமலே நடக்கிறது.

டெக்னாலஜி இதைச் சரிசெய்யுமா? 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் அதிகம் விற்கும் 300 பிராண்ட் மருந்துகளின் அட்டையில் கியூஆர் கோடு கட்டாயம். அதை ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி வரும். போலி மருந்தைக் கண்டுபிடிக்க உதவும். எதோடு சேர்க்கக் கூடாது என்ற தகவலைக் கொடுக்க வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை. ஆபா எனப்படும் 14 இலக்க சுகாதார எண், எல்லா மருத்துவமனைச் சீட்டுகளையும் ஒரே இடத்தில் சேர்க்கும் எண்ணத்தில் வந்தது. ஆனால் இரண்டு டாக்டர்களும் அதில் ஏற்றினால்தான் அதனால் பயன்.

அதுவரை என்ன செய்யலாம்?

போனில் ஒரு ஆல்பம் போதும். வீட்டில் யார் எந்த மாத்திரை சாப்பிட்டாலும் அட்டையின் பின்பக்கத்தை, பிராண்ட் பெயரை இல்லாமல் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் தெரியும்படி, போட்டோ எடுத்து வையுங்கள். 'நரம்பு மாத்திரை', 'தூக்க மாத்திரை', 'சத்து மாத்திரை' எல்லாமே சேர்த்தி. கருத்தடை மாத்திரையும்தான்: கார்பமாசெபின், ஃபெனிடாயின் இரண்டும் அதன் பலனைக் குறைத்துவிடும் என்பது நிறையப் பேருக்குக் கர்ப்பம் உறுதியான பிறகுதான் தெரிகிறது. பல்வலிக்கோ முதுகுவலிக்கோ டிரமடால் கலந்த மாத்திரை வாங்குவதாக இருந்தால் கட்டாயம் டாக்டரைக் கேளுங்கள். அது தனியாகவே வலிப்பைத் தூண்டக்கூடியது; எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

எந்த மருந்தைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் தேதியைக் குறித்துவையுங்கள். அதிலிருந்து ஐந்து வாரம் வரை தள்ளாட்டம், குழறல், குழப்பம், அதிகத் தூக்கம், புதிதாக வரும் வலிப்பு எதுவானாலும் அந்தத் தேதியோடு சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டுப் பயந்து எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால், நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்து. வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். மனசு ரொம்பப் பாரமாக இருந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மருந்தால் பக்கவிளைவு வந்தால் டாக்டர்தான் புகார் செய்ய வேண்டும் என்று இல்லை. 2010-ல் தொடங்கிய இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியோ வீட்டில் இருப்பவரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளிகளுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. அதில், சந்தேகப்படும் மருந்தோடு அப்போது சேர்த்துச் சாப்பிட்ட மற்ற மருந்துகளையும் மறக்காமல் எழுதுங்கள்.